வெறுங்கை

தளர்த்தியால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது என்று ஊரறியச் சொன்னவள் டாக்டர் மெய்யம்மைதான். அந்தப் பழியை வேறு எவர் தலையிலும் கட்ட முடியாது. டிவியில் வந்து, வெள்ளைக் கோட்டும் நெற்றியில் கீற்றாகத் திருநீறுமாக உட்கார்ந்து, காரைக்குடிக்காரிக்கே உரிய நிதானத்தோடு சொன்னாள். "இது துப்பாக்கி இல்லை. கையில் இருக்கிறதைக் கீழே போட வைக்கும், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் கை பழையபடி ஆகிவிடும். வெறுங்கையோடு நிற்கிறவருக்கு இதனால் எந்தத் தொல்லையும் இல்லை." கரையோரப் படை அந்தக் கடைசி வரியை மட்டும் கத்தரித்து எடுத்து, ஒரு பஸ் ஸ்டாண்ட் விடாமல் திரை கட்டி ஓட்டியது.

அவள் பொய் சொல்லவில்லை. சொன்னதை முழுக்க நம்பித்தான் சொன்னாள். வயிற்றெரிச்சலே அதுதான்.

மெய்யம்மை நரம்பு மருத்துவர். தலையில் அடிபட்டோ பக்கவாதம் வந்தோ விரல்கள் மடங்கி இறுகிப்போனவர்களுக்காக அவள் ஒரு பெட்டி செய்திருந்தாள். டிபன் கேரியர் அளவுதான் இருக்கும். அதன் முன்னால் கையை நீட்டித் திருகைத் திருப்பினால், மூளையிலிருந்து விரலுக்கு ஓடுகிற 'பிடி' என்ற கட்டளையை அது பாதி வழியில் மறித்துவிடும். வருடக்கணக்கில் மூடிக் கிடந்த கை மெல்லத் திறக்கும். உள்ளங்கையில் நகம் பதிந்து புண்ணாகிக் கிடந்தவர்கள் அதைப் பார்த்து ஓவென்று அழுவார்கள். அவளும் சேர்ந்து அழுதிருக்கிறாள்.

அப்புறம் உப்பளத்துப் போராட்டம் வந்தது. படை சுட்டது. பிணவறையில் ஆள் போதாமல் மெய்யம்மையையும் கூப்பிட்டார்கள். உப்பு காய்ந்து வெளுத்த கால்கள் வரிசையாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்தவளுக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை. கமாண்டர் உதயசங்கர் அவளைத் தேடி வந்தது அந்தச் சமயத்தில்தான். கோயம்புத்தூர்க்காரர். குரலை உயர்த்தியே பேசத் தெரியாத மனிதர்.

"உங்க பெட்டியைப் பெருசாப் பண்ண முடியுமுங்களா டாக்டர்? ஒரு கூட்டம் மொத்தமும் கையில இருக்கற கல்லைக் கீழ போடற அளவுக்கு?"

"அது மருந்து, சார். ஆயுதம் இல்ல."

"எனக்கும் ஆயுதம் வேண்டாமுங்க. அதுக்குத்தான் வந்திருக்கேன். இது இல்லைன்னா மறுபடியும் துப்பாக்கிதான். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

இரண்டில் ஒன்றைச் சொல் என்று யாராவது கேட்டால், மனிதர்கள் அந்த இரண்டுக்குள்ளேயே தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். யாரையும் எதுவும் செய்யாமல் படை திரும்பிப் போகலாமே என்பது அவருக்குத் தோன்ற வழியில்லை. படித்தவள், அவளுக்காவது தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. கருவி தயாரானதும் அதற்குத் தளர்த்தி என்று பெயர் வைத்தார்கள்.

தேரிக்காட்டில் கருக்கன்விளை என்று ஓர் ஊர். செம்மணலும் பனையும்தான் அங்கே. அந்தப் பனங்காட்டை வெட்டிப் பீரங்கிப் பயிற்சிக் களம் அமைக்கப்போவதாகப் படை அறிவித்து, மரங்களில் சுண்ணாம்புக் குறி போட்டது. ஊர்க்காரர்கள் மனு கொடுத்தார்கள், சாலையில் உட்கார்ந்தார்கள், எதற்கும் படை அசையாமல் போகவே மரத்தில் ஏறிக்கொண்டார்கள். ஆள் உட்கார்ந்திருக்கிற மரத்தை எவன் வெட்டுவான்? வழக்கமாக அங்கே பெண்கள் பனையேறுவதில்லை. இந்த முறை மூங்கில் ஏணி சாத்தி அவர்களும் ஏறினார்கள். ஒரு பனையின் கொண்டைக்கு இரண்டு பேராக, புருஷனும் பெண்டாட்டியும், அண்ணனும் தங்கையும் மட்டைகளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

தளர்த்தி லாரியில் வந்தது. கல்யாணச் சமையல் அண்டாவின் மூடியளவுக்கு ஒரு தட்டு, அதை ஆட்டித் திருப்ப ஒரு கம்பம், பக்கத்தில் இரண்டு சாவித் துளைகள். ஒரு சாவி கமாண்டரிடம், இன்னொன்று மருத்துவப் பார்வையாளராக வந்த மெய்யம்மையிடம். இரண்டையும் திருப்பினால்தான் ஓடும். ஏதாவது ஒன்றை உருவினால் நின்றுவிடும். இந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியவளே அவள்தான். ஆபத்தென்றால் நான் உருவிவிடுவேன் என்பது அவளுடைய தைரியம்.

தட்டு முன்னால் வீசினாலும் பின்பக்கம் கொஞ்சம் கசியும். அதனால் லாரியைச் சுற்றி நின்ற எல்லாருக்கும் செம்பு இழையோடிய தடித்த கையுறை கொடுத்திருந்தார்கள். தேரி வெயிலில் அதற்குள் கை வெந்து வழிந்தது. பக்கத்தில் நின்ற சிப்பாய் தன் கையைத் தூக்கிக் காட்டினான்.

"இதை மாட்டிக்கிட்டா துப்பாக்கி விசை வளையத்துக்குள்ள விரலே நுழையாது மேடம். சுடணும்னா கழட்டிட்டுத்தான் சுடணும்."

"சுடறதுக்கா வந்திருக்கோம்?" என்றாள் மெய்யம்மை.

"இல்லதான் மேடம்," என்று சிரித்தான் அவன்.

அப்போதுதான் அவள் மரங்களின் அடியைப் பார்த்தாள். ஒவ்வொரு பனைக்குக் கீழேயும் ஒன்றிரண்டு பாளை சீவும் அரிவாள்கள் மணலில் நட்டு நின்றன. பிடி மணலுக்குள், அலகு வானத்தைப் பார்த்து. தேரி மணல் பட்டால் வாய் மழுங்கிவிடும் என்று அந்த ஊரில் யாரும் அரிவாளைப் படுக்கவைப்பதில்லை. ஏறாத நேரத்தில் அவரவர் மரத்தடியில் இப்படிக் குத்தி நிறுத்திவிடுவார்கள். அவ்வளவு அரிவாள்களும் காலை வெயிலில் பளபளத்தன.

"டாக்டரம்மா! ஏட்டி முத்துக்கனி, நம்ம டாக்டரம்மால்லா வந்திருக்காவ! பாரு, நாஞ் சொன்னம்லா!"

குரல் வந்த மரத்தை அண்ணாந்து பார்த்தாள். சுயம்பு. அவனை எப்படி மறப்பாள்? பனையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, வலது கை முஷ்டியாக இறுகிப்போய் அவளிடம் வந்தவன். ஒரு வருடம் போல அந்தப் பெட்டியின் முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கை திறந்த நாளில் அவள் காலில் விழப் போனான். அன்றிலிருந்து பருவம் தவறாமல் ஓலைப்பெட்டியில் கருப்பட்டி அனுப்புகிறான்.

"கை நல்லாருக்கும்மா! பாருங்க!" வலது கையை விரித்து மூடிக் காட்டினான். பக்கத்தில் அவன் மனைவி முத்துக்கனி, பயமும் சிரிப்புமாக மட்டையை இறுக்கிக்கொண்டு இருந்தாள். "நீங்க டிவியில சொன்னியள்லா, அதே மாதிரி அருவா எல்லாத்தையும் கீழ வச்சிட்டோம். எல்லாம் வெறுங்கைதான். ஒருத்தங்கிட்டயும் ஒரு குண்டூசி கெடையாது! இவனுவ பயந்தானுவ. நாந்தான் சொன்னேன், லேய், நான் அந்தப் பெட்டிக்க முன்னால ஒரு வருசம் இருந்திருக்கேன், ஒண்ணும் செய்யாதுன்னு!"

தெரிந்த முகம் கையாட்டினால் யாரும் செய்வதைத்தான் மெய்யம்மையும் செய்தாள். வலது கையுறையைக் கழற்றிச் சீட்டில் போட்டுவிட்டு, கையைத் தூக்கி ஆட்டினாள்.

கமாண்டர் ஒலிபெருக்கியில் எச்சரித்தார். பணிவான எச்சரிக்கை. 'தயவுசெய்து' என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் வந்தது. மரங்களுக்கு முன்னால் தரையில் புல்டோசரை மறித்து நின்ற மற்ற ஊர்க்காரர்கள் நகரவில்லை.

"மரத்துல ஆளுங்க இருக்காங்களே சார்."

"தரையில நிக்கறவங்க மேல மட்டுந்தானுங்க டாக்டர். இவங்க கலைஞ்சா மேல இருக்கறவங்க தானா எறங்கிடுவாங்க."

அவள் நம்பினாள். நம்பினாள் என்பதைவிட, நம்புவது அவளுக்கு வசதியாக இருந்தது என்று சொல்வதுதான் நியாயம். சாவியைத் திருப்பினாள்.

முதலில் எல்லாம் டிவியில் சொன்னபடியே நடந்தது. கீழே நின்றவர்களின் கையிலிருந்து கொடிக்கம்பு விழுந்தது, செல்போன் விழுந்தது, தண்ணீர்ச் செம்பு விழுந்தது. ஒரு பெரியவர் அவிழ்ந்த வேட்டியைப் பிடிக்க முடியாமல் தவித்தார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தே விட்டார்கள். அப்புறம் ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்து குழந்தை நழுவி மணலில் விழுந்து வீறிட்டது. அவள் குனிந்து குனிந்து அள்ளப் பார்க்கிறாள், விரல் மடங்கவில்லை. சிரிப்பு நின்றுபோயிற்று. ஆனாலும் ஒருவரும் கலையவில்லை.

"தூக்கு," என்றார் கமாண்டர்.

தட்டு மேலே நிமிர்ந்தது.

முதலில் விழுந்தவள் ஓர் இளம்பெண். கத்தக்கூட இல்லை. மட்டை கையைவிட்டுப் போனதை அவள் புரிந்துகொள்வதற்குள் பாதி உயரம் வந்துவிட்டாள். மணலில் மூட்டை விழுந்த சத்தம் கேட்டது. அடுத்த மரத்திலிருந்து அவள் அண்ணன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். கூப்பிட்டுக்கொண்டே அவனும் விழுந்தான். அவன் விழுந்தது மணலில் இல்லை. அவன் மரத்தடியில் அவனே நட்டு வைத்த அரிவாள் விலாவில் ஏறி மறுபக்கம் வந்தது. எழுந்திருக்கப் பார்த்தான். உள்ளே போயிருப்பதைப் பிடுங்கக் கையைக் கொண்டுபோனான். விரல் மூடவில்லை.

அதற்குப் பிறகு வரிசையே இல்லாமல் விழுந்தார்கள். பழகிய பனையேறிகள் சிலர் கால்களால் மரத்தைக் கவ்விக்கொண்டு சறுக்கினார்கள். மார்புத் தோல் பனையின் சிராம்பில் உரிந்து, ரத்தத்தால் மரத்தில் கோடு இழுத்துக்கொண்டு வந்தார்கள். சிலர் முழங்கையை மட்டையிடுக்கில் மாட்டித் தொங்கினார்கள். பனை மட்டையின் விளிம்பு ரம்பம் மாதிரி இருக்கும். உடம்பின் கனம் தொங்கத் தொங்க அது சதையை அறுத்துக்கொண்டே போய் எலும்பில் நின்றது. பெண்களுக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாது. அவர்கள் நேராக வந்தார்கள். ஓர் அரிவாள் கழுத்தில். ஓர் அரிவாள் தொடையில். ஒரு மரத்தடியில் இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவராக, ஒரே அரிவாளில். மரத்தடி மணல் ஏற்கெனவே சிவப்புத்தான், அதனால் ரத்தம் எவ்வளவு என்று லாரியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

மெய்யம்மை சாவியை உருவப் பாய்ந்தாள். அப்போதுதான் தெரிந்தது, அவளுடைய வலது கை வெறுங்கை. சாவியைத் தொட்டாள், விரல்கள் அதன்மேல் வெறுமனே படிந்தன. பிடி, பிடி, பிடி என்று மூளை கத்துகிறது, விரல் ஏதோ அடுத்த வீட்டாருடையது மாதிரிக் கிடக்கிறது. இடது கையில் கையுறை இருந்தது. அந்தத் தடிமனுக்குச் சாவியின் சின்னத் தலை அகப்படவில்லை. அதைக் கழற்றினால் அந்தக் கையும் துவண்டுவிடும். "நிறுத்துங்க சார்! நிறுத்துங்க!" என்று கத்தினாள். கமாண்டர் தூரநோக்கியில் கண்ணை வைத்திருந்தார். திரும்பவில்லை.

அவள் குனிந்து சாவியைப் பல்லால் கடித்தாள். கடித்து முறுக்கினாள். முன்பல் ஒன்று ஒடிந்து நாக்கில் விழுந்தது. ரத்தத்தில் வழுக்கியது. மறுபடி கடித்தாள், தலையை ஆட்டி இழுத்தாள். சாவி வந்துவிட்டது. தளர்த்தியின் முனகல் நின்றது.

மரங்களில் மிச்சம் ஒரே ஒருவன்தான் பிடி விடாமல் இருந்தான். சுயம்பு. இரண்டு கால்களாலும் கொண்டையைக் கவ்விக்கொண்டு குப்புறப் படுத்திருந்தான். அவனுடைய வலது கை, அவள் திறந்துவிட்ட அந்தக் கை, முத்துக்கனியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. முத்துக்கனி அந்தரத்தில் தொங்கினாள். அவளுக்கு நேர் கீழே சுயம்புவின் அரிவாள் நின்றது.

"ஏணிய வைங்கலே! யாராவது ஏணிய வைங்க! டாக்டரம்மா!"

ஏணி பத்தடி தள்ளித்தான் கிடந்தது. கீழே இருந்த ஊர்க்காரர்கள் ஓடினார்கள். யாருக்கும் கை மூடவில்லை. முன்கைகளால் தூக்கப் பார்த்து, நழுவி, மறுபடி தூக்கினார்கள். மெய்யம்மை லாரியிலிருந்து குதித்தாள்.

"ஆளுங்களை அனுப்புங்க சார்! அவங்களால தூக்க முடியல!"

"மொதல்ல எடத்தைக் காலி பண்ணணுமுங்க. அப்புறம் ஏணி."

கையுறை போட்ட, பிடி இழக்காத, திடகாத்திரமான சிப்பாய்கள் வரிசையாக நின்றார்கள். உத்தரவு வரவில்லை. அவளிடம் சிரித்துப் பேசிய சிப்பாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மெய்யம்மை ஓடிப்போய் ஏணிக்கு அடியில் தோளைக் கொடுத்தாள். அது எழும்பியது, சாய்ந்தது, மறுபக்கம் விழுந்தது.

"விட்றாதீய," என்றாள் முத்துக்கனி. மெதுவாகத்தான் சொன்னாள். அந்த நேரத்தில் தேரியில் ஒரு சத்தமும் இல்லாததால் எல்லாருக்கும் கேட்டது.

"விட மாட்டேன்ட்டி."

அவன் விடவில்லைதான். கை ஓய்ந்துபோயிற்று. எவ்வளவு உரமான கைக்கும் ஒரு முழு ஆளைத் தூக்கி வைத்திருக்க ஓர் அளவு உண்டல்லவா? முதலில் நடுங்கியது, பிறகு மணிக்கட்டிலிருந்து உள்ளங்கைக்கு, உள்ளங்கையிலிருந்து விரல்களுக்கு அவள் வழுக்கினாள். கடைசியில் சுண்டுவிரலைப் பிடித்திருந்தான். அவள் விழும்போது மெய்யம்மை கண்ணை மூடிக்கொண்டாள். காதை மூடத் தோன்றவில்லை.

தளர்த்தியால் யாருக்கும் ஒரு கீறலும் விழவில்லை என்று படை அறிக்கை விட்டது. மரத்திலிருந்து தவறி விழுந்தார்கள், சட்டவிரோதமாகக் கூர்மையான ஆயுதங்களைக் குவித்து வைத்திருந்தார்கள் என்றும் அதில் இருந்தது. புல்டோசர் அந்த வாரமே பனங்காட்டைத் தரைமட்டமாக்கியது.

உதயசங்கர் அவளைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். பல் எப்படி இருக்கிறது என்று அக்கறையாக விசாரித்தார்.

"ஒண்ணு மட்டும் புரியலைங்க டாக்டர். எல்லாரும் விட்டாங்க, அந்த ஒருத்தன் மட்டும் எப்படி விடலை? அந்த மரத்துமேல முழு அளவுல வெச்சேன். தெரிஞ்சுதுன்னா சரி பண்ணிடலாம்."

அதைக் கேட்ட நிமிடத்தில்தான் மெய்யம்மைக்குப் புரிந்தது. கோயில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் தூங்குவதில்லையா? ஒரு வருடம் அந்தப் பெட்டியின் முன்னால் இருந்த நரம்பு, அதன் கூச்சலைக் கேட்டுக் கேட்டு அலட்சியம் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டது. சில நோயாளிகளுக்குப் போகப்போக அளவைக் கூட்ட வேண்டியிருந்ததை அவளே பார்த்திருக்கிறாள். அது பெரிய விஷயமாக அன்றைக்குத் தோன்றவில்லை.

"அவன் என்னோட பழைய பேஷண்ட் சார். ஏற்கெனவே நரம்பு செத்த கை. கோடியில ஒருத்தன் அப்படி இருப்பான். அதைப் பாத்துப் பயப்பட வேண்டியதில்ல."

வாழ்க்கையில் முதல்முறையாக அவள் தெரிந்தே சொன்ன பொய் அது.

"நல்லதுங்க. அடுத்தது வேம்படிமொழி. களத்தை அதுவரைக்கும் நீட்டறோம்."

"எப்போ சார்?"

"மழை முடியட்டும்."

"அங்கேயும் தளர்த்தி பலிக்கலைன்னா?"

"அப்புறம் துப்பாக்கி இருக்குதுங்களே," என்றார் அவர், உரித்த சுளையை அவளிடம் நீட்டியபடி.

கருக்கன்விளைக்காரர்களை வேம்படிமொழியில் தகரக் கொட்டகைகளில் குடிவைத்திருந்தார்கள். மெய்யம்மை அங்கே போய் இறங்கியதும் ஒரு பெண் வேகமாக வந்து அவள் கன்னத்தில் அறைந்தாள். முதலில் விழுந்த அந்தத் தங்கைக்கும் அரிவாள் ஏறிய அண்ணனுக்கும் தாய். இன்னொரு அறையும் விழுந்தது. மெய்யம்மை வாங்கிக்கொண்டு நின்றாள். யாரும் தடுக்கவில்லை, தடுக்க வேண்டிய காரியமும் அது இல்லை.

சுயம்பு ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். வலது கையை மடியில், தனக்குச் சொந்தமில்லாத பொருள்போல வைத்திருந்தான்.

"நீங்க இந்தக் கைய கொணமாக்கியிருக்கக் கூடாதும்மா."

"சுயம்பு..."

"பழைய கையின்னா மூடுனா மூடுனதுதான். ஆனை வந்து இழுத்தாலும் தெறக்காது. அந்தக் கையால அவளப் பிடிச்சிருந்தா விட்டிருக்குமா? நீங்கல்லா தெறந்து விட்டிய."

அவளுக்கு அழுகை வந்தது. அவனெதிரே அழுவதற்குத் தனக்கு யோக்கியதை இல்லை என்று அடக்கிக்கொண்டாள். தான் நடத்தப்போகும் முகாமைப் பற்றி மட்டும் சொன்னாள். ஊர்க்காரர்களுக்குக் கை நடுக்கம் இருப்பதாகச் சொல்லி, இலவசச் சிகிச்சை முகாம் நடத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். படைக்கு நல்ல பெயர் கிடைக்கும் என்று கமாண்டரே பந்தலும் ஜீப்பும் கொடுத்திருக்கிறார். மழைக்காலம் முழுக்க நடக்கும். அது வெளியே சொன்ன காரணம்தான் என்று சொல்லிவிட்டு, அவன் கை ஏன் விடவில்லை என்பதையும் விளக்கினாள்.

சுயம்பு மடியில் கிடந்த கையை ஒருமுறை விரித்து மூடிப் பார்த்தான்.

"அப்போ எல்லாரையும் அந்தப் பெட்டிக்க முன்னால ஒக்கார வைக்கணுங்கிய."

"எல்லாரையும். கை நல்லாயிருக்கிறவங்களையும். தினமும் வரணும்."

"உங்கள மன்னிச்சிட்டேன்னு நெனச்சிராதீய."

"நினைக்கல."

"பெட்டிய எறக்குங்க."

அந்த மழைக்காலம் முழுக்க வேம்படிமொழிப் பந்தலில் வரிசை நின்றது. பனையேறிகள், ஓலை முடைகிறவர்கள், கல்யாணமாகாத பெண்கள், பல் போன பெரியவர்கள் எல்லாரும் ஒரு குறையுமில்லாத கைகளை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். காவலுக்கு வந்த சிப்பாய்கள் ஜீப்பில் சீட்டாடினார்கள். முதல் நாள்களில் விரல்கள் துவண்டன. பிறகு தாமதித்துத் துவண்டன. மழை ஓய்கிற சமயத்தில், திருகை எவ்வளவு திருப்பினாலும் வரிசையில் ஒருவர் கையிலிருந்தும் ஒரு கூழாங்கல்கூட விழவில்லை. அறைந்த தாய்தான் கடைசியாகச் சோதனைக்கு உட்கார்ந்தாள். கல்லை இறுக்கிப் பிடித்தபடி மெய்யம்மையை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி ஒன்றும் இல்லை.

முகாம் முடிந்து சாமான்களை ஏற்றும்போது மெய்யம்மை ஒரு பெட்டியை மட்டும் தனியே எடுத்துவந்து சுயம்புவின் கொட்டகையில் வைத்தாள். மற்றவற்றைவிட அது கனமாக இருந்தது. அளவு மீறாமல் தடுக்கிற தகட்டை அவளே கழற்றிவிட்டு, உள்ளே வேறு சுருள் சுற்றியிருந்தாள்.

"இது எதுக்கும்மா?"

"தளர்த்தி பலிக்கலைன்னா அவங்க துப்பாக்கி எடுப்பாங்க. அவங்க மாட்டியிருக்கிற கையுறையோட துப்பாக்கி விசையை இழுக்க முடியாது. கழட்டித்தான் ஆகணும். கழட்டுன உடனே இந்தத் திருகை முழுசாத் திருப்புங்க. உங்களுக்கு ஒண்ணும் செய்யாது. அவங்க கையில இருக்கிற துப்பாக்கி அத்தனையும் கீழே விழுந்துரும். திரும்பிப் போறதைத் தவிர அவங்களுக்கு வேற வழி இருக்காது. யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் கடைசி வாக்கியம் அவள் காதிலேயே விழுந்தது.

சுயம்பு கொட்டகையின் மூலையைத் திரும்பிப் பார்த்தான். அங்கே மணலில் அவனுடைய அரிவாள் நட்டு நின்றது. புதிதாகச் சாணை பிடித்திருந்தான். இரண்டு பக்கத்துக் கொட்டகைகளிலும் அதேபோல் நிற்பதை அவள் அப்போது கவனித்தாள். அதற்கு அப்பாலும் நின்றன.

"துப்பாக்கி கீழ விழும். அவனுவ கையி எம்புட்டு நேரத்துக்கு மூடாதும்மா?"

எவ்வளவு நேரம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மரத்தடியில் விலாவைத் தடவிக்கொண்டு கிடந்தவனின் விரல்கள் நினைவுக்கு வந்தன. தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தச் சிப்பாயின் முகமும் நினைவுக்கு வந்தது. அவனும் எவளோ ஒருத்தியின் பிள்ளைதான். ஏணியைத் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை.

"போன தடவ நீங்க சொன்னியன்னு அருவாளக் கீழ வச்சோம்," என்றான் சுயம்பு. "இந்தத் தடவ வைக்க மாட்டோம்மா."

பெட்டியை எடுத்துக்கொள்ள வலது கையை நீட்டினான். மெய்யம்மையின் இரண்டு கைகளும் இன்னும் அதன்மேல் இருந்தன, இறுக்கமாக. வெளியே ஜீப்காரன் ஹார்ன் அடித்தான். தூக்கிக்கொண்டு போய் ஜீப்பில் வைத்துவிடலாம். இதில் ஒரு பழுது இருக்கிறது, சரிசெய்து தருகிறேன் என்று சொல்லலாம். அவன் நம்பினாலும் நம்புவான், முன்பு நம்பியவன்தான். சுயம்பு அவசரப்படுத்தாமல் கையை நீட்டியபடியே நின்றான்.

அங்கே எந்தத் தட்டும் அவளை நோக்கித் திரும்பியிருக்கவில்லை. அவள் கையை யாரும் தளர்த்தவில்லை. அவளாகத்தான் விட்டாள்.